உங்களுக்குத் தெரியுமா? குட்டியின் நிறமும் ஆம்பூர்த் தோலும்

● ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளுக்குள் கறுப்பு, வெள்ளை, செவலை, பொட்டு என்று எல்லா நிற ஆட்டுத்தோலும் போகிறது. குரோம் பதனிட்டு வெளியே வரும்போது அத்தனையும் ஒரே வெளிர்நீலம்! சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில் ஊறும்போதே முடி கழன்றுவிடும். நிறமி இருக்கும் மெல்லிய மேல்தோலும் அதோடு போய்விடும். பிறகு சுழலும் டிரம்மில் குரோமிய உப்பு ஏறியதும் தோல் நீலமாகிறது. 'வெட் ப்ளூ' என்பது இதுதான். சுரண்டுகிற கை கொஞ்சம் அசந்தால் கறுப்பாட்டுத் தோலில் மட்டும் முடிவேர்க் கறை அங்கங்கே தங்கும். அந்தத் தோலுக்கு வெளிர் சாயம் போடச் சொல்லி ஆர்டர் வந்தால் தலைவலிதான்.

● டேனரிக்கு வேண்டாத நிறம் ஆட்டுக்காரருக்கு வேண்டும். நேர்த்திக்கடனுக்கு மறு இல்லாத கறுப்புக் கிடா தேடி வருபவர் பேரம் பேசாமல் வாங்கிப் போவார். கறுப்புக் குட்டி எப்போது விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவுக்கு முடியும். பல வெள்ளைச் செம்மறி இனங்களில் வெள்ளை ஓங்கு பண்பு, கறுப்பு ஒடுங்கு பண்பு. தாயும் தகப்பனும் வெள்ளையாக இருந்து, இருவரும் கறுப்பை ஒளித்து வைத்திருந்தால், ஒவ்வொரு குட்டியும் கறுப்பாகப் பிறக்க 4-ல் 1 வாய்ப்பு. மந்தையில் திடீரென்று கறுப்புக் குட்டி விழுந்ததும் பக்கத்து மந்தைக் கிடாவைச் சந்தேகிப்பது அநியாயம்.

● '4-ல் 1' என்றால் நான்கு குட்டியில் ஒன்று நிச்சயம் கறுப்பு என்று அர்த்தமில்லை. நான்குமே வெள்ளையாக விழ 256-க்கு 81 வாய்ப்பு இருக்கிறது; அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒன்று. போன ஈற்றில் என்ன விழுந்தது என்பது அடுத்த ஈற்றுக்குத் தெரியாது.

● வெள்ளைக் கிடா கறுப்பை ஒளித்து வைத்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கறுப்புப் பெட்டைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒளித்து வைத்திருந்தால் குட்டிகளில் பாதி கறுப்பாக வர வேண்டும். ஐந்து குட்டியும் வெள்ளையாகவே விழுந்தால்? ஒளித்து வைத்திருக்கும் கிடாவுக்கு அப்படி நடக்க 32-ல் 1 வாய்ப்புதான். தாராளமாக நம்பலாம். ஆனால் ஒரே ஒரு கறுப்புக் குட்டி விழுந்தாலும் கேஸ் முடிந்தது.

● தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கன்னி ஆடு கறுப்பு உடம்புக்காரி. முகத்திலும் காதிலும் வயிற்றுப் பக்கத்திலும் கால்களிலும் கோடு இருக்கும். கோடு வெள்ளையென்றால் பால்கன்னி, செவலையென்றால் செங்கன்னி. கொடி ஆட்டில் வெள்ளை உடம்பில் கறுப்பு தெளித்திருந்தால் கரும்போரை, சிவப்பு தெளித்திருந்தால் செம்போரை. மரபியல் படிக்காமலேயே மேய்ப்பர்கள் பிரித்து வைத்த கணக்கு இது. வெம்பூர் செம்மறியின் வெள்ளை உடம்பில் செம்பொட்டுகள் ஒழுங்கில்லாமல் கிடக்கும்.

● வெள்ளாட்டின் 'அகூட்டி' மரபணுவுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. உடம்பில் எந்த இடம் செவலை, எந்த இடம் கறுப்பு என்று தீர்மானிப்பது அதுதான். அதில் பல வகைகள் இருக்கின்றன. தாயிடமிருந்து ஒரு வகை, தகப்பனிடமிருந்து வேறு வகை வந்தால், இருவரில் யார் செவலை என்று சொன்ன இடமும் செவலையாகவே வரும். கறுப்பு தெரிய வேண்டுமானால் அந்த இடத்தில் இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் குட்டி சில சமயம் இரண்டு பேர் ஜாடையும் கலந்து, யாரைப் போலவும் இல்லாமல் நிற்கிறது.

● நிறத்துக்காகவே தோல் விற்ற ஆடும் உண்டு. மத்திய ஆசியாவின் காராகுல் செம்மறிக் குட்டித் தோலை முடியோடு பதனிட்டுத் தொப்பியும் கோட்டும் தைப்பார்கள். அதில் சாம்பல் நிறத்துக்குத் தனி மவுசு. ஆனால் சாம்பலையும் சாம்பலையும் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரண்டு பக்கமும் வந்துவிடும். அது ஏறக்குறைய வெள்ளையாகப் பிறக்கும். பால் குடிக்கும் வரை தாக்குப்பிடித்து, புல் தின்னும் பருவத்தில் செரிக்க முடியாமல் செத்துப்போகும். சாம்பலைக் கறுப்போடு சேர்த்தால் பாதிக் குட்டி சாம்பல், பாதி கறுப்பு. இந்தக் காரணத்தால் சாவு இல்லை. சாம்பலோடு சாம்பலைச் சேர்த்தாலும் உயிரோடு தேறும் சாம்பல் குட்டி அதே பாதிதான். பேராசையால் பைசா லாபமில்லை.

● இதே கதை சிறுத்தைப் பல்லியிலும் நடந்தது. வெளிநாடுகளில் லெப்பர்ட் கெக்கோ என்று செல்லமாக வளர்க்கும் பல்லி அது. 'லெமன் ஃப்ராஸ்ட்' என்ற எலுமிச்சை மஞ்சள் ரகம், 'மிஸ்டர் ஃப்ராஸ்டி' என்ற ஒரே ஆணிலிருந்து பெருகியது. அந்த நிறமுள்ள பல்லிகளில் 80 சதவீதத்துக்கும் மேல், ஒளியைச் சிதறடிக்கும் நிறச் செல்களிலிருந்து கட்டி வளர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் இதை 'ஸ்பின்ட்1' மரபணுவோடு தொடர்புபடுத்தினார்கள்.

● அதே பல்லியில் ட்ரெம்பர், ரெயின்வாட்டர், பெல் என்று மூன்று அல்பினோ வம்சங்கள். மூன்றும் ஒடுங்கு பண்புதான். ஆனால் ஒரு வம்சத்தை இன்னொன்றோடு சேர்த்தால் அல்பினோ வராது, சாதாரணக் குட்டிதான் வரும். பழுது ஒவ்வொன்றிலும் வேறு மரபணுவில் இருப்பதே காரணம். குட்டி ஆணா பெண்ணா என்பதோ மரபணு விஷயமே இல்லை. முட்டை சுமார் 26 டிகிரியில் இருந்தால் பெரும்பாலும் பெண், 32.5 டிகிரியில் பெரும்பாலும் ஆண், 34-ஐத் தொட்டால் மறுபடியும் பெண்.

● சானென் போன்ற ஐரோப்பியப் பால் வெள்ளாடுகளில் கொம்பில்லாத கிடாவைக் கொம்பில்லாத பெட்டையோடு சேர்க்கக் கூடாது. பெட்டையாகப் பிறக்க வேண்டிய குட்டிகளில் சில, ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல் மலடாகிவிடும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2001-ல் காரணத்தைக் கண்டார்கள்: டி.என்.ஏ.வில் சுமார் 11,700 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு காணோம்.

● சரி, டேனரிக்காரர் தோலில் எதைத்தான் பார்க்கிறார்? முடி போன பிறகும் முடிக்குழிகள் போகாது. அவை அமைந்திருக்கும் வரிசையைப் பார்த்தே கைதேர்ந்தவர் இது வெள்ளாடு, இது செம்மறி என்று சொல்லிவிடுவார். கம்பளி ஆட்டில் குழிகள் நெருக்கமாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பதால் தோல் தொளதொளவென்று இருக்கும். முடி ஆட்டுத் தோல் இறுக்கமானது. சேலம், ஈரோடு பக்கத்து மேச்சேரி செம்மறித் தோலுக்குப் பெயர் வந்தது இந்தத் தரத்தால்தான். தோலின் கனம், இறுக்கம் போன்றவை பல மரபணுக்களும் தீவனமும் சேர்ந்து செய்யும் வேலை. நாலில் ஒன்று கணக்குக்குள் அடங்காது. மேச்சேரி இனத்துக்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

● அம்மைத் தழும்பு, முள்வேலிக் கீறல், உரிக்கும்போது கத்தி இழுத்த வெட்டு. தரம் பிரிக்கும் மேஜையில் தோலின் விலை இறங்குவது இவற்றாலும்தான். இதற்கெல்லாம் கிடாவின் பரம்பரையைக் குறை சொல்ல முடியாது.