ஈரத்தில் துவளும் அட்டைப்பெட்டி: நானோ பூச்சு கைகொடுக்குமா?

காதலர் தினம் நெருங்கினால் ஓசூர் வட்டாரப் பசுமைக்குடில்களில் ஓய்வே இருக்காது. வெட்டிய தாஜ்மகால் ரோஜாக்களை 2 முதல் 4 டிகிரி குளிரில் வைத்து, கொத்தாகக் கட்டி, பெட்டியில் அடுக்கி, பெங்களூரு விமான நிலையத்துக்கு அனுப்புவார்கள். மொட்டு விரியாதிருக்கக் குளிர் வேண்டும். இதழ் வாடாதிருக்க ஈரப்பதம் வேண்டும். அந்த ஈரப்பதம்தான் அட்டைப்பெட்டிக்கு எமன்.

மத்தூர், போச்சம்பள்ளி மாந்தோப்புகளுக்கும் இதே கவலை உண்டு. மாம்பழத்துக்கு 13 டிகிரியை ஒட்டிய குளிர் போதும். ஆனால் பறித்த பிறகும் பழம் மூச்சு விடுகிறது. அது விடும் நீராவியைப் பெட்டி குடித்துக்கொள்கிறது.

அட்டையின் வலு, அதன் நார்கள் ஒன்றையொன்று பற்றியிருப்பதில் இருக்கிறது. நீராவி நுழைந்தால் அந்தப் பிடி தளரும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 90 சதவீதமானால், பெட்டியின் தாங்குதிறன் ஏறத்தாழ பாதியாகக் குறையும். குளிரறையை விட்டு வெளியே வந்ததும் பெட்டி வேர்க்கும். அடுக்கில் அடியில் இருக்கும் பெட்டியின் மூலையை விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கும். அதற்குப்பின் மேலடுக்கின் பாரம் முழுவதும் பூவின் மேலும் பழத்தின் மேலும்தான் இறங்கும்.

மெழுகோ பிளாஸ்டிக் படலமோ பூசினால் ஈரம் நிற்கும். ஆனால் அந்தப் பெட்டியை மறுபடி கூழாக்கிக் காகிதம் செய்வது கடினம்.

இங்கேதான் நானோ பூச்சு வருகிறது. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. சிலவகைக் களிமண்ணைப் பிரித்தால் ஒரு நானோமீட்டர் கனத்தில் தகடுகள் கிடைக்கும். பசையில் கலந்து பூசும்போது அவை ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். நீராவி நேராகப் போக வழியின்றி, ஒவ்வொரு தகட்டையும் சுற்றிச்சுற்றித்தான் உள்ளே வர முடியும். மரக்கூழிலிருந்தே எடுக்கும் நானோ செல்லுலோஸ் அட்டைக்கு வலுவூட்டும். ஆனால் அதுவும் தண்ணீரை இழுக்கும் பொருள். ஈரத்தைத் தடுக்கும் வேலையை அதை மட்டும் நம்பி விட முடியாது.

பெட்டிக்குள் இருக்கும் பழத்துக்கும் நானோ உதவும். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகம், இலங்கையின் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவை 2012 முதல் ஹெக்சனால் பற்றிச் சேர்ந்து ஆய்ந்தன. செடிகளிலேயே இயற்கையாக உருவாகும் இந்தப் பொருள், பழத்தின் செல்சுவரை ஒட்டிய சவ்வைச் சிதைக்கும் நொதியை அடக்குகிறது. அதை நானோ இழைகளில் ஏற்றிப் பெட்டிக்குள் வைத்தால், சிறிது சிறிதாகக் கசிந்து பழம் கனிவதைத் தாமதப்படுத்தும்.

பூச்சிலுள்ள துகள் பழத்தில் ஒட்டாது என்பதை விற்பவர்கள் சோதித்துக் காட்ட வேண்டும். விலையும் விவசாயிக்குக் கட்டுப்படியாக வேண்டும். ஆய்வகத்தில் நீர்த்துளி உருண்டோடுவது அழகுதான். நமக்கு வேண்டியது குளிரறையில் பத்து நாள் நிமிர்ந்து நிற்கும் பெட்டி. வேலை முடிந்தபின் பழைய பேப்பர் கடைக்காரரும் அதைத் தயங்காமல் எடைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.