மீட்டர் 12.6 காட்டுகிறது, வயர்லெஸ் பேச மறுக்கிறது

கண்ணாடியிழையாலான ஒரு சிறு மீன்பிடிப் படகை எண்ணிக்கொள்ளுங்கள். பின்புறம் நட்ட கம்பத்தின் உச்சியில் 40 வாட் சூரியத் தகடு. பலகைக்கு அடியில் 60 ஆம்பியர்-மணி பேட்டரி. அதிலிருந்து ஓர் எல்.இ.டி. விளக்கு, இடங்காட்டும் ஜி.பி.எஸ். திரை, ஒரு வயர்லெஸ் செட் ஆகியவை இயங்குகின்றன. இரவில் விளக்கு எரிகிறது. வயர்லெஸ்ஸில் மற்றப் படகுக்காரர்களின் பேச்சும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் பதில் சொல்லப் பொத்தானை அழுத்திய உடனே செட் அணைந்துவிடுகிறது. கையை எடுத்தால் மீண்டும் உயிர் பெறுகிறது. கரைக்கு வந்து பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட்! முழுதாக மின்னேற்றம் பெற்ற பேட்டரிக்குரிய அளவு அது.

"மீட்டர் சரி, செட்தான் கெட்டது" என்று ஒருவர் சொல்வார். "பேட்டரி போய்விட்டது, புதிது வாங்கு" என்பார் இன்னொருவர். புதுப் பேட்டரி வந்த பிறகும் செட் அணையும். கேட்க முடிந்து பேச முடியாத வயர்லெஸ், இன்ஜின் நின்றுபோன இரவில் எதற்கு உதவும்? ஆகவே இந்தப் புதிரை அவிழ்ப்பது வெறும் பாடப்புத்தக வேலையன்று. ஆனால் அவிழ்க்கத் தேவையானது பள்ளியில் படித்த ஓம் விதி மட்டுமே.

முதலில் மீட்டரை விசாரிப்போம். இன்றைய எண்முறை மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். 12.6 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கிட்டத்தட்ட ஒன்றுமே ஓடவில்லை எனலாம். மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் குழாய் பாசி பிடித்து முக்கால் பங்கு அடைத்திருக்கிறது என்று கொள்வோம். கீழே குழாயைத் திறக்காதவரை, அங்கே நீரின் அழுத்தம் முழு அளவில் இருக்கும். திறந்தால்தான் அடைப்பின் குணம் தெரியும்; நீர் ஒழுகும். மின்சுற்றிலும் இதே கதைதான். ஓட்டம் இல்லாதபோது எவ்வளவு கெட்ட இணைப்பும் மின்னழுத்தத்தை விழுங்குவதில்லை.

படகிலுள்ள பியூஸ் தாங்கியில் உப்புப் பிடித்து 0.3 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்கும்போது செட் இழுப்பது ஏறத்தாழ 0.4 ஆம்பியர். பியூஸ் தாங்கியில் இழப்பு 0.4 × 0.3 = 0.12 வோல்ட். யாருக்கும் தெரியாது. பேசும்போதோ 25 வாட் செட் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். இப்போது இழப்பு 1.5 வோல்ட். இதோடு கம்பியையும் சேருங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.011 ஓம். பேட்டரி 5 மீட்டர் தொலைவில் இருந்தால், போக வர 10 மீட்டர். இழப்பு அரை வோல்ட்டுக்கும் சற்று மேல். பேட்டரியும் 5 ஆம்பியர் கொடுக்கும்போது கொஞ்சம் தாழும். எல்லாம் போக செட்டுக்குக் கிடைப்பது 10 வோல்ட்டை ஒட்டிய ஏதோ ஒன்று. 12 வோல்ட்டுக்கென அமைந்த செட் அணைந்ததில் வியப்பில்லை.

அப்படியானால் கோளாறு இருக்கும் இடத்தை எப்படிப் பிடிப்பது? மின்னோட்டத்தை ஓடவிட்டு அளக்க வேண்டும். கரையில் நிற்கும்போது, செட்டைக் கழற்றிவிட்டு, அதற்கு வரும் இரு கம்பிகளின் முனையில் 12 வோல்ட், 55 வாட் கார் முகப்பு விளக்குப் பல்பு ஒன்றைப் பொருத்துங்கள். பியூஸ் 5 ஆம்பியருக்குக் குறையாததாக இருக்கட்டும். பல்பு கை சுடும். துணியின் மேலோ வலையின் மேலோ வைக்காதீர்கள். அது நாலு ஆம்பியருக்குமேல் இழுக்கும். இனி மீட்டரை எடுங்கள். பேட்டரியின் காரீய முனைகளிலேயே முள்ளை வையுங்கள். அவற்றைக் கவ்வியிருக்கும் கிளிப்பில் வைக்கக் கூடாது. 12.2 என்று வருகிறது. பல்பின் முனைகளில் 10.4. இடையில் 1.8 வோல்ட் காணாமற் போயிருக்கிறது. திருடனைத் தேட, மீட்டரின் ஒரு முள்ளை இணைப்பின் இந்தப் பக்கமும், மறு முள்ளை அந்தப் பக்கமும் வைத்து ஒவ்வோர் இணைப்பாக வாருங்கள். நல்ல இணைப்பில் மீட்டர் ஏறக்குறையச் சுழி காட்டும். பியூஸ் தாங்கிக்கு வரும்போது 1.3 என்கிறது. மீதி அரை வோல்ட் நீளக் கம்பியின் பங்கு. கணக்கு நேராகிவிட்டது.

பலர் சிவப்புக் கம்பியை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். போன மின்னோட்டம் கறுப்புக் கம்பி வழியாகத்தான் திரும்ப வேண்டும். அதிலுள்ள 0.3 ஓமும் அதே 0.3 ஓம்தான்.

மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பதுண்டு. மல்டிமீட்டரிலேயே ஓம் அளவு இருக்கிறதே, தடையை நேரடியாக அளந்தால் என்ன? மீட்டரின் இரு முள்களை ஒன்றோடொன்று தொடவிட்டுப் பாருங்கள். அதன் கம்பிகளே 0.2, 0.3 ஓம் காட்டும். தேடுவதும் அதே அளவுடைய தடை. இந்த வேலைக்கு வோல்ட் அளவுதான் ஏற்றது. இன்னொரு எளிய சோதனையும் உண்டு. 5 ஆம்பியர் ஓடும்போது 0.3 ஓமில் 7.5 வாட் வெப்பமாகிறது. பல்பு ஐந்து நிமிடம் எரிந்தபின் இணைப்புகளைத் தொட்டால், கெட்டது விரலுக்கே சூடு காட்டும்.

கடலில் இணைப்புகள் ஏன் இவ்வளவு விரைவில் கெடுகின்றன? ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. தெறித்த நீர் உலர்ந்தாலும் உப்புப் படலம் தங்கிவிடும். அது இரவுக் காற்றின் ஈரத்தை இழுத்து மீண்டும் கரைசலாகும். உப்புக் கரைசலுக்கு இருபுறமும் வேறு வேறு உலோகங்கள் இருந்தால் அதுவே ஒரு குட்டி மின்கலம். செம்புக் கம்பியை இரும்புத் திருகால் முடுக்கிய இடத்தில் இரும்பு கரையத் தொடங்குகிறது. இரண்டு கம்பிகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம் வழக்கம். அந்தச் சுற்று, நீரைத் தடுப்பதைவிட உள்ளே புகுந்த நீரைப் பிடித்து வைப்பதில்தான் திறமை காட்டுகிறது. நுண்ணிழைகளுக்கு இடையே நீர் நுண்குழாய் ஏற்றத்தால் வெகுதூரம் ஊர்ந்து, செம்பைக் கறுக்கச் செய்துவிடும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, நெருக்கிப் பொருத்திய முனைகள், மேலே உட்பசையுள்ள வெப்பச் சுருக்கக் குழாய், முனைகளில் வாசலின் பூச்சு ஆகியவை நீண்ட நாள் தாங்கும். கெட்ட இணைப்பைச் சுரண்டினால் மட்டும் போதாது. பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டி எறிந்துவிட வேண்டும்.

சூரியத் தகட்டின் பக்கமும் இதே ஏமாற்று உண்டு. 12 வோல்ட் பேட்டரிக்கான தகட்டில் வழக்கமாக 36 சிலிக்கான் கலங்கள் தொடராக இணைந்திருக்கும். எதனோடும் இணைக்காமல் அளந்தால் ஏறத்தாழ 21 வோல்ட் வரும். "தகடு நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் இந்த 21 வோல்ட் சுமார் 19 வரைதான் இறங்கும். மின்னோட்டமோ பத்தில் ஒரு பங்காகிவிடும். பறவை எச்சமும் உப்புப் படலமும் உலரப்போட்ட வலையும் வோல்ட் மீட்டருக்குத் தெரிவதில்லை. கலங்கள் தொடராக இருப்பதால், ஒரு கலத்தின் மேல் விழும் நிழல்கூட மற்றக் கலங்களின் ஓட்டத்தையும் குறுக்கிவிடும். ஆகவே ஆம்பியரை அளக்க வேண்டும். தகட்டின் இரு கம்பிகளையும் கழற்றி, மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் பொருத்தி நேரடியாக அளக்கலாம். 40 வாட் தகடு நல்ல வெயிலில் இரண்டு ஆம்பியருக்கு மேல் தரும்; தகட்டுக்குத் தீங்கு வராது. இந்தச் சோதனையைப் பேட்டரியில் மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, மீட்டரும் கையும் சேதமாகும்.

தகடு சரியாக இருந்தும், மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் பேட்டரிக்கும் நடுவே அந்த 0.3 ஓம் ஒளிந்திருந்தால் தொல்லைதான். கருவி தன் முனையில் 14.4 வோல்ட் கண்டதும் "நிறைந்துவிட்டது" என்று ஓட்டத்தைக் குறைக்கத் தொடங்கும். 2.2 ஆம்பியரில் 0.66 வோல்ட் வழியிலேயே போவதால், பேட்டரி கண்டது 13.7தான். அது நிறையுமுன் பொழுது சாய்ந்துவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகே பேட்டரிமேல் ஐயப்பட வேண்டும். 1859-ல் பிளாண்டே அமைத்த காரீய-அமிலக் கலம்தான் இன்னும் பல படகுகளில் இருக்கிறது. மின்னிறக்கத்தின்போது இரு தகடுகளும் காரீய சல்பேட்டாக மாற, அமிலம் நீர்த்துப்போகிறது. எனவே ஒப்படர்த்தியே பேட்டரியின் நிலையைச் சொல்லிவிடும். மூடி திறக்கும் வகையானால், ஆறு அறைகளையும் ஹைட்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். ஐந்து அறைகள் 1.25 காட்ட ஒன்று மட்டும் 1.15 என்றால், அந்த அறை பழுது. ஆறும் ஒன்றுபோல் குறைவாக இருந்தால் அது பசி, பழுதன்று. ஆனால் பல வாரங்கள் பசியோடு கிடந்தால் சல்பேட் பெரும் படிகங்களாக இறுகி, மீண்டும் கரைய மறுக்கும். மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வெளிவரும். பீடியும் தீப்பொறியும் அருகில் கூடாது. உள்ளே கடல்நீர் புகுந்த பேட்டரியை மின்னேற்றினால் குளோரின் நச்சுவாயு கிளம்பும். அதைக் கைவிடுவதே நல்லது.

எல்லாம் நன்றாக இருந்தும் நாலைந்து நாளில் பேட்டரி சோர்கிறதா? வரவு செலவைப் பாருங்கள். 40 வாட் தகடு 2.2 ஆம்பியர் வீதம், முழு வெயிலுக்கு ஈடான 5 மணி நேரத்தில் 11 ஆம்பியர்-மணி தரும். இழப்புகள் போக 9 என்று கொள்ளலாம். இரவு 10 மணி நேரத்தில் விளக்கு 5, வயர்லெஸ் 4, ஜி.பி.எஸ். திரை 5, ஆக 14. நாளுக்கு 5 குறைகிறது. ஆறு நாளில் 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி காலி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் சுருங்கும். 75 வாட் தகடு போட்டால் வரவு ஏறக்குறைய 17 ஆகும். அது கைக்கு எட்டாவிட்டால், வலை போட்டுக் காத்திருக்கும் நேரத்தில் திரையை அணைத்துவைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் எந்தத் தகடும் சொன்ன அளவு தராது. அந்த நாட்களில் வாரம் ஒருமுறை பேட்டரியைக் கரைக்குத் தூக்கி வந்து, வீட்டு மின்சாரத்தில் சார்ஜர் வைத்து நிரப்பிக்கொள்ளுங்கள்.