பின்பக்கம் இல்லாத படங்கள்

அந்தக் காலத்துப் போட்டோவுக்குப் பின்பக்கம் ஒன்று இருந்தது. மாத்தளை நகரத்து ஸ்டூடியோவில், வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் அப்பா நாற்காலியிலும் அம்மா பக்கத்தில் நின்றபடியும் விறைப்பாக எடுத்துக்கொண்ட படத்தைத் திருப்பினால், ஸ்டூடியோ முத்திரைக்குக் கீழே பென்சிலில் யாராவது எழுதியிருப்பார்கள்: யார், எந்தத் தோட்டம், எந்த வருஷம். ரத்தோட்டையிலிருந்தோ கம்மடுவையிலிருந்தோ சம்பளம் வந்த கையோடு பஸ் ஏறி வந்து எடுத்த படம் அது. ஒரு பிலிம் ரோலுக்கு 36 படம். லயத்து வீட்டுக்கு வருஷத்துக்கு ஒன்று வாய்த்தாலே பெரிது. அரிதாக எடுத்ததால் எழுதியும் வைத்தார்கள்.

அதற்கும் முன்னால் பெயர் எழுதும் வழக்கம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. ஜோசப் லோட்டன் 1870, 71 வாக்கில் அரசாங்கத்துக்காகப் பழைய நகரங்களைப் படமெடுத்தார். அநுராதபுரத்து இடிபாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. வணிக ஸ்டூடியோக்கள் விற்ற தோட்டப் படங்களிலோ, தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தவர்களுக்கு ‘தமிழ்க் கூலிகள்’ என்ற ஒரே வரிதான். கல்லுக்குக் கிடைத்த பெயர் மனிதருக்குக் கிடைக்கவில்லை.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு கட்டியபோது, தோட்டத்து மக்களுக்குக் கெமராவோடு வேறொரு உறவு வந்தது. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். தலைமன்னாரில் கப்பலேறும் முன் சொந்தபந்தம் எல்லாம் கூடி நின்று ஒரு குரூப் போட்டோ. ஒரு பிரதி எல்கடுவையில் தங்கியது, மற்றொன்று கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ தகரப் பெட்டிக்குள் போனது. தங்கியவற்றில் பல பிறகு 1977இலும் 1983இலும் நடந்த இன வன்செயல்களில் வீடுகளோடு எரிந்தன. மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலே 1983இல் தீக்கு இரையானபோது ஆல்பங்கள் தப்பியிருக்குமா?

இன்று அதே கோவிலின் மாசி மகத் தேர்த் திருவிழாவில், ஐந்து தேர்களும் வீதியில் இறங்கும்போது உயராத போன் இல்லை. 2023இல் மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகளானதை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியில் ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. வழிநெடுகப் படம் எடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை வட்ஸ்அப் குழுக்களில் சுற்றின. வட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது, எடுத்த இடமும் நேரமும் பற்றிக் கெமரா உள்ளே பதிந்து வைத்த குறிப்பை நீக்கிவிடுகிறது, திகதியும் ஒரு வரிசை எண்ணும் சேர்ந்த பெயரைச் சூட்டி அனுப்புகிறது. பேஸ்புக்கில் ஏறியது இரண்டு நாளில் கீழே போய்விடும். மூடிய குழுவில் ஏறியதைக் கூகுள் பார்க்கவே முடியாது. இந்தப் படங்களுக்குப் பின்பக்கம் இல்லை.

‘மாத்தளை’ என்று தேடுகிறவருக்குச் சிகிரியாவும் தம்புள்ளையும் தாராளமாகக் கிடைக்கும். சுற்றுலாக்காரர்கள் உலகத்து மொழிகளிலெல்லாம் அவற்றை எழுதிக் குவித்திருக்கிறார்கள். தமிழில் தேடினால் மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை மலரன்பன், மாத்தளை கார்த்திகேசு என்று எழுத்தாளர்களும் வருவார்கள். அது பெருமைதான். ஆனால் கூடலூரில் பிறந்த பேத்தி ஒருத்தி, பாட்டி சொன்ன தோட்டத்தின் பெயரைப் போனில் தமிழில் தட்டினால்?

அவளுக்குப் பதில் தந்திருக்கக்கூடியவை வலைப்பூக்கள். தமிழில் அவை 2003இல் தலையெடுத்தன. அதே ஆண்டில்தான் கூகுள் பிளாகரை வாங்கியது, வேர்ட்பிரஸும் பிறந்தது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் அவற்றை ஓரிடத்தில் திரட்டியது. அப்போது இலங்கையில் பலரும் தட்டியது பாமினி எழுத்துருவில். திரையில் அழகான தமிழ், உள்ளே பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். தேடுபொறிக்கு அது தமிழே இல்லை. யூனிகோட் பரவி அந்தக் கஷ்டம் தீர்ந்தது. ஆனால் தீர்ந்த சமயத்தில் எழுதுகிறவர்கள் பேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். இது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

எழுத்து இல்லாவிட்டால் படமும் தேடலில் அகப்படாது. கூகுளின் படத் தேடல் 2001இல் வந்தது. முந்தைய ஆண்டு கிராமி விழாவில் ஜெனிஃபர் லோபஸ் அணிந்த பச்சை உடையைப் பார்க்க உலகமே தேடியதுதான் அதற்குத் தூண்டுதல். ஓர் உடை செய்த உபகாரம்! அன்றும் சரி, இன்றும் சரி, அந்தத் தேடல் பெரிதும் நம்புவது படத்தைச் சுற்றியுள்ள சொற்களைத்தான். படத்தில் இருப்பது தேர் என்று இன்றைய இயந்திரம் தானே கண்டுகொள்ளும். எந்த ஊர்த் தேர், எந்த ஆண்டு, வடம் பிடிப்பவர்கள் எந்தத் தோட்டத்தார் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்ல வலைப்பூ இன்றும் நல்ல இடம். பிளாகரில் தொடங்கக் காசு வேண்டாம், ஒரு ஜிமெயில் கணக்குப் போதும். படத்தை ஏற்றுமுன் கோப்பின் பெயரை மாற்றுங்கள். ஊர், பொருள், ஆண்டு என்று சொற்களுக்கிடையே சிறு கோடிட்டு, ஆங்கில எழுத்தில் வைப்பது வசதி. தமிழ்ப் பெயரைக் கூகுள் ஏற்கும், ஆனால் இணைப்பை நகலெடுத்து ஒட்டும்போது ‘மாத்தளை’ என்ற ஒரு சொல்லே 63 குறிகளாக நீண்டுவிடும். ஆல்ட் டெக்ஸ்ட் என்கிற மாற்று உரையையும் படத்துக்குக் கீழ் வரும் குறிப்பையும் தமிழிலேயே எழுதுங்கள். மாற்று உரை முதலில் கண் தெரியாதவர்களுக்காக. திரைவாசிப்பு மென்பொருள் அதைத்தான் உரக்கப் படிக்கும். ஆகவே ‘மாத்தளை, மாத்தளை படம், மாத்தளை கோவில்’ என்று அடுக்காமல், காண்பதை ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள். அடுக்குவதைக் கூகுளும் குப்பையாகவே கருதும்.

அளவு இன்னொரு விஷயம். போனில் எடுத்த படம் மூன்று நான்கு எம்பி இருக்கும். ரிவர்ஸ்டன் பக்கம் சிக்னல் ஒரு கோடாக இருக்கிற இடத்தில் அதைத் திறக்க யாருக்குப் பொறுமை? அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். முக்கியமான படம் இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் கணக்கு. மூலப் படத்தை மட்டும் குறைக்காமல் தனியே வைத்திருங்கள்.

தோட்டங்களுக்குக் கம்பெனிப் பெயர் ஒன்று, மக்கள் அழைக்கும் பெயர் ஒன்று. இரண்டையும் எழுதுங்கள். ரத்தோட்டை, இரத்தோட்ட என்று எழுத்தும் ஆளுக்கொரு மாதிரி. ஒன்றைத் தலைப்பிலும் மற்றதைக் குறிப்பிலும் சேர்த்துக்கொள்ளலாம். உயிரோடிருப்பவர்களின் பெயரைப் போடுமுன் அவர்களைக் கேளுங்கள், பிள்ளைகளின் பெயர் வேண்டவே வேண்டாம்.

வலைப்பூ நடத்தத் தெம்பில்லாதவர்களுக்கு, 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் ஆவணகம் இருக்கிறது. அங்கேயும் முதலில் கேட்பது படத்தின் விவரத்தைத்தான். அந்த விவரம் இன்று நம் பாட்டிமார், தாத்தாமாரிடம்தான் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய குரூப் போட்டோவை அவர்கள் மடியில் வைத்து, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.