தூண்டிலுக்கு ஒரு குளம்

சாயல்குடியை அடுத்த மாரியூர்க் கடற்கரையில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிச் சிவபெருமான் மீன் பிடிப்பார். பூவேந்தியநாதர் கோயில் திருவிழாவில் வலை வீசும் படலத்தை நடித்துக் காட்டுவது வழக்கம். பரதவர் தலைவன் மகளாகப் பிறந்த பார்வதியைக் கைப்பிடிக்க வேண்டுமானால், யார் வலைக்கும் அகப்படாமல் கடலைக் கலக்கும் சுறாவை ஈசன் பிடித்துக் காட்ட வேண்டும். கடவுளே மீன் பிடித்துத்தான் பெண் கட்டினார் என்று நம்பும் ஊரில் போய், “நகராட்சி குளம் வெட்டி, மீன் வாங்கி விட்டு, தூண்டில் போட ஜனங்களைக் கூப்பிட்டால் என்ன?” என்று கேட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

ஆனால் சென்னையில் அது நடந்திருக்கிறது. சேத்துப்பட்டு ஏரி மீன்வளத் துறையின் பொறுப்பில் உள்ளது. நெடுங்காலம் பாழாய்க் கிடந்த ஏரியைத் தூர்வாரி, 2016இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். நடைபாதை, படகு ஆகியவற்றோடு தூண்டில் போடவும் இடம் ஒதுக்கினார்கள். 1820களில் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஊட்டி ஏரிகூட முதலில் மீன்பிடிக்கத்தான் திட்டமிடப்பட்டது. அமெரிக்காவில் இதற்கென்றே 1950இல் ஒரு சட்டம் வந்தது. தூண்டில் கோல், நரம்பு சுற்றும் உருளை, செயற்கை இரை ஆகியவற்றுக்கு வரி போட்டு, அந்தப் பணத்தை மீன்வளத்துக்கே திருப்பிவிடுகிறார்கள். மீன் பிடிக்கிறவரே மீனுக்கும் செலவு செய்கிற ஏற்பாடு. எனக்கு இது பிடித்திருக்கிறது.

இராமநாதபுரத்துக்கு இது பொருந்துமா? முதல் தடை தண்ணீர். மாரியூருக்குப் பக்கத்தில் வாலிநோக்கம் வரை உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. வெயிலும் காற்றும் மழையை வெல்கிற நிலத்தில்தான் உப்பு விளையும். இங்கே ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாகிப் போவது ஏறக்குறைய அதைப்போல இரு மடங்கு. ஆண்டு முழுக்கத் தூண்டில் போட ஒரு குளத்தை நிறைத்து வைக்க வேண்டுமென்றால், வேறெங்கிருந்தோ நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குடத்தோடு வரிசையில் நிற்கும் மாவட்டத்தில் அதை யார் ஒப்புவார்கள்?

தண்ணீர் கிடைத்தாலும் மூச்சு கிடைக்க வேண்டும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 பாகையில் 7தான். நகரத்துக் குளத்தில் கழிவும் மிஞ்சிய மீன்தீவனமும் சேர்ந்து பாசியை வளர்க்கும். பகலில் பாசி ஆக்சிஜனைத் தரும், இரவில் அதுவே மீன்களோடு போட்டி போட்டு இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து திணறுவது அதனால்தான். 2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

சரி, எந்த மீனை விடுவது? இதில் இராமநாதபுரத்துக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட ஜிலேபிக் கெண்டை 1952இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குள் வந்த வாசல் நம் மண்டபம்தான். அங்கிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைத் தருவித்தது. ஏழை வீட்டுக்கு மலிவான புரதம் என்பதே நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த மீனின் குடும்ப வாழ்க்கையை யாரும் சரியாக எடை போடவில்லை. இரண்டு மூன்று மாதத்திலேயே அது பருவத்துக்கு வந்துவிடும். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் அடைகாத்து, குஞ்சுகளையும் ஆபத்து வந்தால் வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். ஆண்டில் பலமுறை இப்படி. உப்புத் தண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது. குளம் நிரம்பி வழிகிற அளவு கூட்டம் பெருகியதும், வளர்வதை நிறுத்திவிட்டு உள்ளங்கை அளவிலேயே முட்டை வைக்கத் தொடங்கும். தூண்டில்காரர் கையில் முள்தான் மிஞ்சும். 1959இலேயே அதைப் பரப்பக் கூடாதென்று மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை சொன்னது. அதற்குள் மீன் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தது.

வற்றாத குளத்தில் இந்த நெரிசலைக் குறைக்க வழி மிகக் குறைவு. வற்றுகிற கண்மாயில் கோடையே அந்த வேலையைச் செய்துவிடும். ஜிலேபிக் கெண்டை அடியோடு ஒழியாது, ஆனால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வற்றிய தரை வெடிக்கும்போது சேற்றில் அழுகிக் கிடந்ததெல்லாம் காற்றுப் பட்டு மட்கும். புல் முளைக்கும், மாடு மேயும், சாணி விழும். ஐப்பசியில் புதுவெள்ளம் ஏறியதும் இந்தச் சத்தெல்லாம் நீரில் கரைந்து நுண்ணுயிர்கள் பெருகும், மீன்குஞ்சுக்கு அதுதான் தாய்ப்பால். விராலுக்கு இந்த வாழ்க்கை பழகிப்போன ஒன்று. அதன் தலையில் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் அறை இருக்கிறது. ஈரச் சேற்றுக்குள் புதைந்து நாட்களைக் கடத்தும். மற்ற மீன்கள் ஓடை வழியாக எதிரேறி வந்து சேரும்.

நம் ஊரில் பொது மீன்பிடிக் குளம் இல்லை என்பவர்கள் சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் ஒருமுறை போய்வரலாம். கண்மாய் வற்றும் தறுவாயில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தா, கச்சா, வலை, கொசுவலை, சிலர் வேட்டியோடு கரையில் காத்திருப்பார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவர் காலும் தண்ணீரில் படாது. வீசிய பிறகு சாதி, ஊர், வயது எதுவும் எடுபடாது. கெளுத்தி, குரவை, கெண்டை என்று அகப்பட்டதெல்லாம் அவரவருக்கு. விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பார்கள். வெள்ளைத் துண்டு வேடிக்கைக்காக அல்ல. மழை முதல் கோடை வரை மீன் வளர அவகாசம் கொடுத்து, பிறகு ஒரே நாளில் எல்லோரும் சமமாக எடுத்துக்கொள்கிற கட்டுப்பாடு அது. பல கண்மாய்களில் மீன்பாசி குத்தகை ஏலம் போய்விட்டதால், இந்த நாள் சில ஊர்களில் இல்லாமலும் போயிருக்கிறது.

கண்மாய் மீன் மனிதருக்கு மட்டுமானதும் அல்ல, பறவைகளுக்கும்தான். இராமநாதபுரம் நகரையொட்டிய சக்கரக்கோட்டை கண்மாயும், தேர்த்தங்கலும் 2025 பிப்ரவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022லேயே சேர்ந்துவிட்டன. கூழைக்கடா ஒன்று நாளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ மீன் தின்னும். அதன் காலில் சிக்கிய தூண்டில் நரம்பு அறுந்துகொடுக்காது. பறவைக் கண்மாய்க்குள் தூண்டில் மேடை போடும் யோசனையை முளையிலேயே கிள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால், சென்னை போன்ற மாநகருக்குச் சேத்துப்பட்டு மாதிரி வேண்டியதுதான். கம்பிவேலிக்கு உள்ளே ஒரு நாள் தூண்டில் பிடித்துப் பார்க்கும் குழந்தைக்கு மீன் கடையில் முளைப்பதில்லை என்றாவது தெரியும். இராமநாதபுரத்தில் புதிதாகக் குழி வெட்டும் காசை இருக்கிற ஊருணிக்கும் கண்மாய்க்கும் கொடுக்கலாம். வரத்துக் கால்வாயைச் சரிசெய்து, மடையைச் செப்பனிட்டு, ஒன்றிரண்டு கண்மாய்களைக் குத்தகைக்கு விடாமல் வைத்துக்கொண்டு, கோடையில் வற்றவும் விட்டுவிட வேண்டும். வைகாசியில் ஒரு காலைப் பொழுது துண்டை வீசினால் போதும், நகராட்சித் தலைவரே வந்து வீசட்டும்.