திருட்டுப் படமும் தண்டனைச் சட்டமும்

புதிய தமிழ்ப் படம் ஒன்று கொட்டகைக்கு வந்த அன்றே அதன் திருட்டுப் பிரதி இணையத்தில் ஏறி, ஊரெங்கும் கைப்பேசிகளில் ஓடத் தொடங்கிவிடுகிறது. சர்க்கார் வாளாவிருந்ததாகச் சொல்வதற்கில்லை. 2004-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை, வீடியோத் திருடர்களையும் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. 2023-ல் பார்லிமெண்டு, 1952-ம் வருஷத்துச் சினிமாச் சட்டத்தைத் திருத்தி, படத்தைக் களவாகப் பதிவு செய்வோருக்கும் பரப்புவோருக்கும் 3 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறைவாசமும், 3 லக்ஷ ரூபாய் முதல் தயாரிப்புச் செலவில் 100-க்கு 5 வரை அபராதமும் விதித்தது. சட்டம் பயின்ற நாம் இத்திருத்தத்தைக் குறைகூற முன்வரவில்லை. ஆயினும், இன்று முடக்கிய தளம் நாளை வேறு பெயரில் முளைக்கிறது. திருடுகிறவனைச் சிறையிலிடலாம், பார்க்கிற லக்ஷக்கணக்கான ஜனங்களை என்ன செய்வது?

அவர்கள் ஏன் பார்க்கிறார்கள்? கூலிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு பட்டணத்துக்குச் சென்று படம் பார்த்துத் திரும்பினால், சீட்டும் வண்டியும் தின்பண்டமுமாகச் சில நாட் சம்பாத்தியம் கரைகிறது. உள்ளூர்க் கொட்டகையோ பல இடங்களில் கல்யாண மண்டபமாகிவிட்டது. (மோட்டாரில் செல்லும் கனவான்களும் இலவசப் படம் பார்க்கிறார்கள், அவர்களுக்கு இச்சாக்குச் செல்லாது.)

இத்தகையோருக்கு வீட்டிலேயே நியாயமாகப் படம் கிடைக்க வழி தேடாமலில்லை. 2013-ல் ஸ்ரீ கமல்ஹாஸன் 'விஸ்வரூப'த்தை டி.டி.எச். மூலம் வீடுகளுக்கு அனுப்ப முயன்றார். கொட்டகை முதலாளிகள் கட்டுப்பாடாக எதிர்த்தனர். 2015-ல் ஸ்ரீ சேரன் தம் படத்தை நேரே வீடுகளுக்கு டி.வி.டி.யாக விற்க முனைந்தார்; அதுவும் நிலைக்கவில்லை. நியாய வியாபாரி அடைத்த வாசலில் திருடன் கடை விரித்தான். இன்று ஓ.டி.டி. தளங்கள் வந்தும், பெரும்பாலான படங்கள் சில வாரம் கழித்தே அங்கே வருகின்றன. திருடனுக்கு அத்தவணை இல்லை.

நஷ்டம் யாருக்கு? பெரிய நடிகரின் படம் டெலிவிஷன், ஓ.டி.டி. உரிமைகளை முன்கூட்டியே விற்றுப் பிழைத்துக்கொள்ளும். நட்சத்திரமில்லாத சிறு படத்தை யாரும் முன்பணம் கொடுத்து வாங்குவதில்லை. நாலு பேர் பார்த்து நன்றென்று சொன்ன பிறகே அதற்குக் கூட்டம் சேரும். அதற்குள் பிரதி கைக்குக் கை மாறிவிட, இரண்டாம் வாரம் என்பதே அதற்கில்லை. வட்டிக்கு வாங்கி முதலிட்டவர் மறுபடம் எடுப்பதில்லை. அவரை நம்பியிருந்த தினக்கூலித் தொழிலாளிக்கு வேலையுமில்லை.

ஆகவே, சிறு படங்களுக்கேனும் வீட்டுக் காட்சிக்கான தவணையை இரண்டு வாரமாகக் குறைக்கக் கொட்டகை முதலாளிகள் இசைய வேண்டும். தயாரிப்பாளர்களும் அவர்களும் அடுத்த முறை கூடும்பொழுது இதனை முதல் விஷயமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.