மூணு கோயில், ஒரே பதிவு: பைத்தானில் ரிசோர்ஸ் குரூப்



நம்ம அரியலூர் மாவட்டத்துல இருக்கிற கங்கைகொண்ட சோழபுரம் கோயில் யுனெஸ்கோ பட்டியலில் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அதுக்குன்னு தனியா ஒரு பதிவு கிடையாது. 1987-ல் தஞ்சைப் பெரிய கோயில் மட்டும் பட்டியலில் சேர்ந்தது. 2004-ல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலையும் அதே பதிவுக்குள் சேர்த்து, ‘அழியாத சோழர் பெருங்கோயில்கள்’ என்ற ஒரே பெயரில் கொண்டுவந்தாங்க. மூணும் வேற வேற ஊர், கட்டினவங்களும் வேற வேற அரசர்கள். ஆனா பதிவு ஒண்ணு.

மைக்ரோசாஃப்ட் அஸூரில் வரும் ‘ரிசோர்ஸ் குரூப்’ என்பதும் கிட்டத்தட்ட இதுதான். ‘கிட்டத்தட்ட’ன்னு ஏன் சொல்றேன்னு கடைசியில பார்ப்போம். அந்த வித்தியாசம் தெரியாம போனா உங்க ப்ராஜெக்டே காணாம போயிடும்.

எதுக்கு இந்தக் குரூப்?

கோயில் கல்வெட்டுகளைப் படம் எடுத்து, எழுத்தைக் கண்டுபிடிக்கிற ஒரு இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்றீங்கன்னு வச்சுக்குவோம். படங்களை வைக்க ஒரு ஸ்டோரேஜ் அக்கவுண்ட் வேணும். மாடலை ஓட்டிப் பார்க்க ஒரு விர்ச்சுவல் மெஷின் வேணும். மெஷின்னு ஒண்ணை உருவாக்கினா அதோட டிஸ்க், நெட்வொர்க் கார்டு, பப்ளிக் ஐபின்னு ஒரு குடும்பமே கூட வரும். வேலை முடிஞ்சதும் மெஷினை மட்டும் அழிச்சிட்டு நிம்மதியா தூங்கப் போவீங்க. ஆனா கூட வந்த டிஸ்கும் ஐபியும் பல நேரம் அங்கேயே இருக்கும். மாணவர்களுக்கான கணக்கில் கிடைக்கிற 100 டாலர் கிரெடிட் அதுல சத்தமில்லாம கரையும்.

எல்லாத்தையும் ஒரே குரூப்பில் போட்டிருந்தா, குரூப்பை அழிச்சாலே போதும், மொத்தமும் போயிடும்.

பைத்தானில் எப்படி?

வெப்சைட்டில் போய் பட்டனை அழுத்தியும் குரூப் உருவாக்கலாம். ஆனா தினமும் உருவாக்கி, தினமும் அழிக்கணும்னா நிரல்தான் சரி. நாலு படிதான்.

முதல் படி: பிப் மூலமா ரெண்டு லைப்ரரி நிறுவுங்க. ‘அஸூர் ஐடென்டிட்டி’ நீங்க யாருன்னு நிரூபிக்க. ‘அஸூர் மேனேஜ்மென்ட் ரிசோர்ஸ்’ வேலையைச் செய்ய.

ரெண்டாவது: அஸூரின் கமாண்ட் லைன் கருவியில் ஒரு தடவை லாகின் பண்ணிடுங்க. நிரலில் ‘டிஃபால்ட் அஸூர் கிரெடென்ஷியல்’ என்ற ஆப்ஜெக்டை உருவாக்கினா, அது அந்த லாகினைத் தானே எடுத்துக்கும். பாஸ்வேர்டு, கீ எதையும் கோடுக்குள் எழுதாதீங்க. கிட்ஹப்ல ஏத்தினா ஊருக்கே தெரிஞ்சிடும்.

மூணாவது: அந்தக் கிரெடென்ஷியலையும் உங்க சப்ஸ்கிரிப்ஷன் எண்ணையும் கொடுத்து ‘ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் கிளையன்ட்’ உருவாக்குங்க.

நாலாவது: கிளையன்ட்டுக்குள் இருக்கும் ‘ரிசோர்ஸ் குரூப்ஸ்’ பகுதியில் ‘கிரியேட் ஆர் அப்டேட்’ என்ற மெத்தடை அழையுங்க. ரெண்டு விஷயம் கொடுத்தா போதும்: குரூப்பின் பெயர், இடம். இடம்னா ரீஜன். இந்தியாவில் அஸூரின் ‘சவுத் இந்தியா’ சென்னையிலும், ‘சென்ட்ரல் இந்தியா’ புனேயிலும், ‘வெஸ்ட் இந்தியா’ மும்பையிலும் இருக்கு.

இந்த மெத்தடின் பெயரைக் கவனிச்சீங்களா? ‘உருவாக்கு அல்லது புதுப்பி’. அந்தப் பெயரில் குரூப் இல்லைன்னா உருவாக்கும். ஏற்கெனவே இருந்தா அதையே புதுப்பிக்கும், ரெண்டாவது ஒண்ணு முளைக்காது. 2004-ல் யுனெஸ்கோ செஞ்சதும் இதுதானே! அதனால ஒரே நிரலைப் பத்து தடவை ஓட்டினாலும் பயமில்லை. ஆனா அதே பெயருக்கு வேற ரீஜன் கொடுத்தா பிழை வரும், ஏன்னா குரூப்பின் இடத்தை மாத்த முடியாது. யுனெஸ்கோ மாதிரி பெயரையும் மாத்த முடியாது. அதனால ‘டெஸ்ட்1’, ‘புதுசு2’ன்னு வைக்காம, யோசிச்சுப் பெயர் வைங்க. யார் உருவாக்கினது, எந்த ப்ராஜெக்ட்டுன்னு டேக் போட்டு வைக்கிறதும் நல்லது. குரூப்புக்குப் போட்ட டேக் உள்ளே இருக்கிறதுக்குத் தானா வராது, அதுகளுக்குத் தனியா போடணும்.

குரூப் சென்னையில இருந்தா உள்ளே இருக்கிறதும் சென்னையிலதான் இருக்கணுமான்னு கேட்டா, தேவையில்லை. குரூப்பின் இடம் என்பது அதன் விவரக் குறிப்பு சேமிக்கப்படும் இடம் மட்டும்தான். உள்ளே ஒண்ணு புனேயிலும் ஒண்ணு சென்னையிலும் இருக்கலாம். ஒரு ரிசோர்ஸ் ஒரே நேரத்தில் ஒரு குரூப்பில்தான் இருக்க முடியும். குரூப்புக்குள் இன்னொரு குரூப் வைக்கவும் முடியாது.

அழிக்கும்போது

‘பிகின் டெலீட்’ என்ற மெத்தட் குரூப்பை அழிக்கும். ‘பிகின்’னு ஏன் பெயர்னா, அது வேலையைத் தொடங்கிட்டுத் திரும்பிடும். அழிஞ்சு முடிய சில நிமிஷம் ஆகலாம். முடியிற வரைக்கும் காத்திருக்க, அது திருப்பித் தரும் ஆப்ஜெக்டில் ‘ரிசல்ட்’டை அழையுங்க.

இப்போ அந்த வித்தியாசத்துக்கு வருவோம். யுனெஸ்கோ நாளைக்கே அந்தப் பதிவை நீக்கினாலும் மூணு கோயிலும் அசையாம நிக்கும். ரிசோர்ஸ் குரூப்பை அழிச்சா உள்ளே இருக்கிற அத்தனையும் சேர்ந்து அழியும். மெஷினோட சேர்த்து, நீங்க வெயிலில் நின்னு எடுத்த கல்வெட்டுப் படங்களும்தான்.

அதனால ஒண்ணை மட்டும் நினைவில் வைங்க: சேர்ந்து பிறந்து சேர்ந்து சாக வேண்டியதை மட்டும் ஒரே குரூப்பில் போடுங்க. சோதனை மெஷினுக்கு ஒரு குரூப், தினமும் அழிக்கலாம். படங்களுக்கு வேற குரூப். அதுக்கு ‘டெலீட் லாக்’ போட்டுடுங்க. லாக் இருக்கும்வரை குரூப்பை அழிக்கச் சொன்னா பிழைதான் வரும். ஆனா அந்த லாக் ஸ்டோரேஜ் அக்கவுண்டைத்தான் காக்கும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு படத்தையும் காக்காது. அதனால ஒரு நகல் வெளியேயும் இருக்கட்டும்.

1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டினப்போ, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனாங்க. அணை இன்னிக்கும் பயன்படுது. மதில் மட்டும் திரும்பி வரலை. டெலீட்டை அழுத்துறதுக்கு முன்னாடி, உள்ளே என்னென்ன இருக்குன்னு ஒரு தடவை பட்டியல் போட்டுப் பாருங்க. அதுக்கும் லைப்ரரியில் மெத்தட் இருக்கு.