பட்டுப்புழு வளர்ப்போரும் அவர்க்கு வேண்டும் பயிற்சியும்

மணமகள் உடுக்கும் கூறையைப் பற்றி நம்மவர் பேசுங்கால் காஞ்சிபுரத்து நெசவாளரின் கைத்திறனைப் புகழ்வர். அத்தறிகளை அடையும் இழை எங்கிருந்து வருகின்றது என வினவுவார் அரியர். அதன் பெரும்பகுதி கருநாடகத்திலே இராமநகரம், கோலார், மண்டியா முதலிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில், சிறு நிலத்தில் முசுக்கட்டை பயிரிடும் உழவர் வீடுகளிற் பிறப்பது. மல்பெரி என இக்காலத்து வழங்கும் அச்செடியின் இலையே பட்டுப்புழுவின் உணவு.

மைசூர் நாட்டில் இத்தொழிலை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊன்றியவன் திப்பு சுல்தான். தந்தையிடமிருந்து மகன் கற்றுவந்த பழந்தொழிலுக்குப் பயிற்சி எதற்கு எனச் சிலர் கேட்கலாம். விடை புழுவின் இயல்பிலேயே உள்ளது.

முட்டையினின்று வெளிவரும் புழு நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவங்களைக் கடந்து, ஏறக்குறைய 25 நாளிற் கூடு கட்டத் தொடங்கும். இளம் பருவத்தில் அதற்கு 27, 28 பாகை வெப்பமும், மிகுந்த ஈரமும், தளிரிலையும் வேண்டும். இறுதிப் பருவத்திலோ 24, 25 பாகை வெப்பமும், குறைந்த ஈரமும், நல்ல காற்றோட்டமும், முதிர்ந்த இலையும் வேண்டும். தன் வாழ்நாளில் உண்ணும் இலையில் ஐந்தில் நான்கு பங்கினை அது ஐந்தாம் பருவத்திலேயே உண்டுவிடுகின்றது. ஆகவே முதல் வாரத்தில் நேர்ந்த பிழை, இலையும் கூலியும் செலவான பின்னரே பலகாலும் வெளிப்படும். நெல்லில் ஒரு பகுதி அழியினும் மறுபகுதி எஞ்சும். புழுவில் நோய் புகுந்தாலோ தட்டுக்கள் அனைத்தையும் குழியிலிட்டு மூடவேண்டிய நிலையும் வருவதுண்டு. கடன்பட்டுத் தொழில் செய்தவன் பாடு என்னாகும்?

அந்நோய்களுள் பெப்ரின் என்பது தாயின் முட்டை வழியே சேய்க்குச் செல்வது. பிரான்சு நாட்டுப் பட்டுத்தொழிலை ஒருகால் அழிவின் எல்லைக்குக் கொண்டு சென்ற அந்நோயை 1865 முதற் சில ஆண்டுகள் ஆராய்ந்தவர் லூயி பாஸ்டர். முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து நுணுக்குக்காட்டியில் நோக்கி, கிருமி காணப்படின் அம்முட்டைகளை அழித்துவிடுக என்பது அவர் கண்ட வழி. இன்றும் முட்டை உற்பத்தி நிலையங்கள் கையாளுவது அதுவே. அதற்கு முன் பட்டுப்புழுவை ஒருமுறையேனும் தொட்டறியாத இரசாயன அறிஞர் அவர் என்பதை நம் விஞ்ஞான மாணவர் கருதுவாராக.

ஏனைய நோய்களுக்கு முட்டை மேற் பழி சுமத்தல் இயலாது. அவை பெரிதும் மனையின் அழுக்கினாலும், ஈர இலையினாலும், நெருக்கத்தினாலும் பெருகுவன. ஒவ்வொரு வளர்ப்பு முடிந்ததும் மனையையும் தட்டுக்களையும் கழுவி, வெளிற்றும் தூள், சுண்ணாம்பு முதலியவற்றால் நச்சு நீக்கி, சில நாள் வெறுமையாக விடல் வேண்டும். ஆண்டுக்கு ஐந்தாறு முறை வளர்ப்போர்க்குத் தோட்டத்து இலை முதிர்ந்து நிற்கும்; அடுத்த முட்டையும் வந்துவிடும்; இடைவெளி சுருங்கிவிடும். அறியாமையினும் அவசரமே இங்குப் பகை என்பது எம் கருத்து. தாம் உறங்கும் மனையிலேயே புழுவையும் வளர்ப்போர்க்கு இவ்விதியைக் காத்தல் இன்னும் அரிது.

இன்னொன்று யாழ்ப்பாணத்தார்க்கு வியப்பளிக்கும். புகையிலைத் தோட்டத்தின் அயலிலே முசுக்கட்டை நடலாகாது. புகையிலையின் நஞ்சு படிந்த இலையை உண்ட புழு கக்கி மடியும்.

1961இல் மைசூரில் அமைந்த மத்திய பட்டு ஆராய்ச்சி பயிற்சி நிலையம், மிகுந்த இலை தரும் வீ-1 என்னும் செடியை உழவர்க்கு வழங்கியது. 1991 முதல் யப்பானியர் துணையோடு, ஆயிரம் மீற்றர் வரை இழை தரும் கூடு கட்டும் இனங்கள் பரப்பப்பட்டன. பழைய இனங்களின் கூட்டில் அதன் பாதி கிடைத்தலும் அரிது. ஆயின் புதிய இனம் நோய்க்கு எளிதில் ஆட்படுவது. பழைய இனத்திற்குப் போதிய கவனம் இதற்குப் போதாது. 1980இல் வங்காளத்திலிருந்து கருநாடகம் புகுந்த ஊசி ஈயும் ஒரு புதிய பகையாயிற்று. புழுவின் உடலில் முட்டையிடும் அந்த ஈயைத் தடுக்கச் சாளரந்தோறும் வலை கட்டல் வேண்டும். பாட்டனார் அறியாத பாடங்கள் இவை.

பயிற்சி யாருக்கு என்பதே அடுத்த வினா. இலை கொய்தல், உணவிடல், கழிவகற்றல், முதிர்ந்த புழுவைப் பொறுக்கிச் சந்திரிகை என்னும் மூங்கிற் தட்டியில் விடல் ஆகிய வேலைகளிற் பெரும்பங்கு பெண்களுடையது. நிலத்தின் பெயர் ஆண்மகன் மேலிருத்தலால் வகுப்புக்கு அழைப்பும் அவனுக்கே செல்லுமாயின், கேட்டவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர் என்றாகும். தோலுரிக்கும் புழுவுக்கு இலையிடலாகாது என்பதைச் சொற்பொழிவாற் கற்பித்தல் ஆகாது. தலை நிமிர்ந்து அசைவற்றிருக்கும் புழுவை, அந்த நாளில், அந்தத் தட்டிலே காட்டுதல் வேண்டும். ஆசிரியத்தொழிலில் உள்ள நாம் இதனை நன்கறிவோம். ஆதலின் பயிற்சியாளர் ஊருக்கு வருதலும், ஒரு வளர்ப்பு முழுவதும் உடனிருத்தலும் வேண்டும்.

கூட்டைக் கொய்யும் நாளும் கற்கத்தக்கது. கூட்டினுள்ளே புழு கூட்டுப்புழுவாகி அதன் தோல் கடினமாகுமுன் பறித்தால், அது நசுங்கி இழையைக் கறைப்படுத்தும். இராமநகரச் சந்தையில் ஏலங் கேட்கும் நூற்பாளர் இதனை நொடியிற் கண்டுகொள்வர். நல்ல கூடாயின் 6 அல்லது 7 கிலோவிலிருந்து ஒரு கிலோ நூல் எடுக்கலாம். தாழ்ந்ததாயின் 9, 10 கிலோவும் வேண்டும். விலையின் ஏற்றத்தாழ்வுக்கு இதுவும் ஒரு காரணம். உழவரையும் அவர்தம் இல்லத்தாரையும் ஒருநாள் நூற்புச்சாலைக்கு அழைத்துச் சென்று, அவர்களுடைய கூடுகளையே வெந்நீரிலிட்டு, இழை எத்தனை முறை அறுகின்றது என எண்ணச் செய்தல் நன்று.